முன்வெளியீடும் மூலநிரலும்

வெளியீடு என்றதும் நம் நினைவுக்கு வருவது நூல் வெளியீடு. பிரிக்பீல்ட்சில் ஒரு மண்டபம், மாலை, முதற்படி பெறுவோர் வரிசை. அந்நாளுக்கு முன் பிழைதிருத்த நண்பரிடம் தந்த படியை எவரும் வெளியீடாகக் கருதுவதில்லை. மின்கருவிக்குள் இருந்து அதனை இயக்கும் நிலைபொருளுக்கும் இவ்வழக்கையே பொருத்தினால் இடர் நேரும்.

கிள்ளானில் ஒரு பள்ளி மாணவர் குழு, மழையளவைத் தமிழில் காட்டும் சிறு கருவியொன்றைச் செய்வதாகக் கொள்வோம். உள்ளே லினக்ஸ் கர்னலும் பிசிபாக்ஸ் நிரல்தொகுப்பும் உள்ளன. இரண்டும் 1991இல் வந்த குனு பொது உரிமத்தின் 2ஆம் பதிப்புக்கு உட்பட்டவை. பணி முடியுமுன்னரே, சோதித்துப் பார்க்கப் பத்துக் கருவிகள் ஷா ஆலம் நண்பர்களுக்குத் தரப்படுகின்றன. மூலநிரலை வெளியீட்டு நாளில் தந்தால் போதாதா என்று மாணவர் வினவலாம்.

போதாது. உரிமம் வெளியீட்டு நாளைக் கேட்பதில்லை; படி பிறர் கைக்குச் சென்றதா என்றே கேட்கிறது. குழுவின் ஆய்வகத்துக்குள் எத்தனை படிகள் எடுத்தாலும் கடமை எழாது. வெளியார் ஒருவரிடம் தந்த கணமே எழுந்துவிடும். 2007இல் வந்த 3ஆம் பதிப்பு, 'பரப்புதல்' என்ற பொருளுடைய பழைய சொல்லையே கைவிட்டு வேறொரு சொல்லை ஆண்டது. நாட்டுக்கு நாடு பதிப்புரிமைச் சட்டங்கள் அப்பழஞ்சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொண்டமையே காரணம். சொல்லாய்வாளர் சுவைக்கத்தக்க செய்தி இது.

கடமை யாது? கருவியுடனேயே மூலநிரலைத் தருதல். அல்லது, கேட்போர் எவர்க்கும் தருவோம் என்று குறைந்தது 3 ஆண்டுகள் செல்லும் எழுத்துறுதி அளித்தல். முதல் வழியைக் கொண்டால் பெற்றவர்க்குத் தந்தாலே போதும். உலகறிய வைக்க வேண்டியதில்லை. ஆயினும் தரப்படுவது அக்கருவியில் உள்ள நிலைபொருளுக்கே உரிய மூலநிரலாக இருத்தல் வேண்டும்; தொகுக்கவும் நிறுவவும் பயன்பட்ட கட்டளைக் கோப்புகளும் உடன் வரவேண்டும். சோதனைக் காலத்தில் நிரல் வாரந்தோறும் மாறும். சென்ற வாரம் தந்த கருவிக்கு இவ்வார மூலநிரல் பொருந்தாது. பலரும் இடறக்கூடிய இடம் இதுவே என்பது என் கருத்து. 'எவரிடமும் காட்டாதீர்' என்று சோதிப்போரிடம் கையொப்பம் பெறுவதும், இவ்வுரிமத்துக்குட்பட்ட பகுதிகளைப் பொறுத்தவரை செல்லாது.

திரையில் தமிழ் காட்டும் நோட்டோ எழுத்துருவின் உரிமம் வேறு. அது மூலநிரல் கேட்பதில்லை. பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் உடனிருந்தால் போதும்.

இவை வெறும் நன்னெறிகள் அல்ல. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. ஜெர்மனியில் நிரலாளர் ஹரால்டு வெல்டே தொடுத்த வழக்கில், 2004இல் மூனிச் நீதிமன்றம் இவ்வுரிமத்தைச் செல்லுபடியாக ஏற்றது. அதற்கு முந்திய ஆண்டில் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருள் லினக்ஸ் இருப்பதைப் பயனர் கண்டறிந்து வினவ, மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்தே ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் வளர்ந்தது. இன்று அது எத்தனையோ பழைய ரூட்டர்களுக்கு மறுவாழ்வு தருகிறது.

2ஆம் பதிப்பின்படி, மீறியவரின் உரிமை தானே அற்றுப்போகும். 3ஆம் பதிப்போ, முதன்முறை தவறியவர் அறிவிப்புப் பெற்ற 30 நாளுள் திருத்திக்கொண்டால் உரிமையை மீட்டளிக்கிறது. நம் கிள்ளான் குழுவினர்க்கு அவ்வளவு தொல்லை வேண்டியதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும், அதிலுள்ள நிலைபொருளுக்குரிய மூலநிரல் பதிந்த நினைவக அட்டையொன்றையும் உரிமத்தின் படியையும் வைத்து, அட்டையின்மேல் பதிப்பெண்ணையும் நாளையும் எழுதிவிட்டால், பத்துக் கருவிகளும் தடையின்றி ஷா ஆலம் செல்லலாம்.