செக்கு வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை!

‘பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டேனுங்க சார். நாலு ஏக்கர் தென்னை இருக்குது. இத்தாலியில சின்னக் குடும்பங்க ஆலிவ் எண்ணெய் ஆட்டி நல்ல விலைக்கு விக்கிறாங்கன்னு சொல்றாங்க. நாமும் காட்டை அடமானம் வெச்சு மரச்செக்கு போடலாமுங்களா?’

வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. காங்கேயம், முத்தூர் வட்டாரத்தில் பலரும் இதையே கேட்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

இத்தாலியில் என்ன நடக்கிறது?

அங்கே சிறு ஆலிவ் விவசாயிகளில் பெரும்பாலோரிடம் சொந்த ஆலை கிடையாது. பறித்த காயை அன்றோ மறுநாளோ ஊர்ப் பொது ஆலைக்குக் கொண்டுபோய், கூலி கொடுத்து ஆட்டி வாங்கிக்கொள்கிறார்கள். ‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்று விற்க வேண்டுமானால் எண்ணெயில் அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ருசியிலும் குறை இருக்கக் கூடாது. காய் அடிபட்டாலோ, குவித்துவைத்துப் புழுங்கினாலோ அந்தத் தரம் போய்விடும். அவர்கள் விலை வாங்குவது இயந்திரத்தால் அல்ல, காயின் தரத்தால்.

நமக்கு உயிர் கொப்பரையில்

ஆலையில் சுத்திகரிக்கும் எண்ணெயில் பூஞ்சை நச்சு பெருமளவு நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அந்த வேலை நடப்பதில்லை. கொப்பரையில் உள்ள ‘அஃப்ளாடாக்சின்’ நச்சு எண்ணெய்க்கும் வரும், புண்ணாக்கு வழியாக மாட்டுக்கும் போகும். கல்லீரலைக் கெடுக்கும் இந்த நச்சு, தாளிக்கும் சூட்டில் முழுதாக அழியாது.

எனவே தேங்காயை உடைத்த அன்றே களத்தில் காயப்போடுங்கள். இரவில் பனி படாமல் மூடுங்கள். சுமார் 50 சதவிகித ஈரம் 6 சதவிகிதத்துக்கு இறங்க வேண்டும். ஒடித்தால் ‘பட்’டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. கரும்பச்சை, மஞ்சள் பூஞ்சை கண்ட பருப்பைக் கழித்துவிடுங்கள். துடைத்துச் சேர்க்காதீர்கள். கந்தகப் புகை போட்ட கொப்பரையும் வேண்டாம். மழைக்காலத்துக்குச் சூரிய கூடார உலர்த்தி உதவும். மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறையை அணுகுங்கள்.

கணக்கைப் போடுங்கள்

மரச்செக்கில் 100 கிலோ நல்ல கொப்பரைக்குத் தோராயமாக 60 கிலோ எண்ணெய் கிடைக்கும். அது சுமார் 65 லிட்டர். ஒரு பேச்சுக்குக் கொப்பரை கிலோ 200 ரூபாய் என்று வைப்போம். கொப்பரைக்கு 20,000; ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள், வண்டிச் செலவு 3,500. மொத்தம் 23,500. புண்ணாக்கு 37 கிலோவை 30 ரூபாய்க்கு விற்றால் 1,110 திரும்பும். மீதி 22,390-ஐ 65-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 344 ரூபாய் அடக்கம். 350-க்கு விற்றால் லிட்டருக்கு 6 ரூபாய்தான் மிச்சம். அந்தப் பாட்டுக்கு முத்தூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரையை ஏலத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்த வார ஏல விலையைப் போட்டு உங்கள் கணக்கைப் பாருங்கள்.

என் பதில்

காட்டை அடமானம் வைக்காதீர்கள். முதலில் 100 கிலோ கொப்பரையைப் பக்கத்துச் செக்கில், உங்கள் கண் முன்னால், கூலிக்கு ஆட்டுங்கள். துருப்பிடிக்காத பாத்திரத்தில் நிழலில் தெளியவைத்து வடிகட்டுங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு எடுத்து, ஆட்டிய தேதி போட்டு அடைத்தே விற்க வேண்டும். சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது.

நீங்கள் வேலை பார்த்த திருப்பூர்தான் உங்கள் சந்தை. கூட வேலை செய்த குடும்பங்களிடம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே வீடுகள் திரும்பக் கேட்டால், அப்போது செக்கு பற்றிப் பேசலாம். 2020-ல் தொடங்கிய உணவு பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்தில் 35 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் வைத்தார்கள். அது இப்போதும் கிடைக்கிறதா என்று வேளாண் வணிகத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

செக்கை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். போன காட்டை மீட்பது கஷ்டம்.