'விசேஷம் எதுவும் இல்லையா?' - குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதி முதலில் செய்ய வேண்டியது என்ன?

கல்யாணம் ஆகி ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, "விசேஷம் எதுவும் இல்லையா?" என்ற கேள்வி வந்துவிடும். கோயில், பரிகாரம், ஸ்கேன் என அலைவது பெரும்பாலும் மனைவிதான்.

எப்போது டாக்டரைப் பார்க்கணும்?

கருத்தடை இல்லாமல் 12 மாதங்கள் முயன்றும் கரு தங்காவிட்டால்தான் அது குழந்தையின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மனைவிக்கு 35 வயதைத் தாண்டிவிட்டால் 6 மாதத்திலேயே பார்ப்பது நல்லது.

யாருக்குப் பரிசோதனை?

இருவருக்கும். ஏறக்குறைய பாதி தம்பதிகளிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனை எளிது. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். இதைத் தள்ளிப்போட்டால் மனைவிக்குத் தேவையில்லாத மருந்துகளும் வலியும்தான் மிச்சம்.

வீட்டில் என்ன சொல்வது?

"ரெண்டு பேருமே டாக்டரைப் பார்த்துட்டு இருக்கோம்மா, அவளைக் கேட்காதீங்க" என்று தன் அம்மாவிடம் கணவரே சொல்லிவிட வேண்டும். மனைவியின் பாரம் பாதி குறையும்.