சதுரங்கப் பலகையின் பேரெண்

கணித நூல்களிலும் வரலாற்று நூல்களிலும் ஒருங்கே இடம்பெற்ற பேரெண் ஒன்று உண்டு. அது 18,446,744,073,709,551,615 ஆகும். சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு கோதுமை மணியும், அடுத்தடுத்த கட்டங்களில் முந்தியதன் இரு மடங்குமாக வைத்துச் சென்றால், 64 கட்டங்களிலும் சேரும் மொத்தம் இதுவே. சிஸ்ஸா இப்னு தாஹிர் என்னும் இந்திய அறிஞர் ஷிஹ்ராம் மன்னரிடம் இதனையே பரிசாகக் கேட்டார் என்பது வழிவழிக் கதை. சதுரங்கம் ஆடுவது குறித்த ஃபுகஹாக்களின் கருத்து வேறுபாடு தனியே ஆராயத்தக்கது. இங்கு நாம் எடுத்துக்கொண்டது எண்ணை மட்டுமே.

அல்லாமா அல்பிரூனி (973–1048) தமது 'அல்ஆஸாருல் பாக்கியா'வில் இத்தொகையைக் காணச் சுருக்கவழி ஒன்றைக் காட்டுகிறார். ஐந்தாம் கட்டத்தின் எண் 16. அதன் வர்க்கம் 256. அது ஒன்பதாம் கட்டத்திற்குரியது. 256-இன் வர்க்கம் 65,536. அது பதினேழாம் கட்டத்திற்குரியது. அதன் வர்க்கமான 4,294,967,296 முப்பத்து மூன்றாம் கட்டத்திற்குரியது. மீண்டும் ஒருமுறை வர்க்கம் கண்டு ஒன்றைக் கழித்தால், 64 கட்டங்களின் மொத்தமும் வந்துவிடும். அறுபத்து மூன்று முறை இரட்டித்துக் கூட்ட வேண்டிய வேலை நான்கு பெருக்கல்களில் முடிகிறது.

இவ்வழியே எண்ணின் உள்ளமைப்பையும் வெளிப்படுத்துகிறது. ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், மூல எண்ணுக்கு ஒன்று குறைந்ததும் ஒன்று கூடியதுமான இரண்டின் பெருக்கம் கிடைக்கும். இவ்விதியைத் திரும்பத் திரும்பக் கையாண்டால் நமது பேரெண் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297 என ஆறு காரணிகளாகப் பிரிகிறது. இறுதியானதும் பகா எண்ணே என ஃபெர்மா கருதினார். அது 641, 6,700,417 ஆகியவற்றின் பெருக்கம் என 1732-இல் ஆய்லர் நிறுவினார். ஆக, ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறையே.

இப்னு கல்லிகான் (1211–1282) 'வஃபயாத்துல் அஃயா'னில், சதுரங்க வல்லுநர் அபூபக்ர் அஸ்ஸூலியின் வரலாற்றில் இக்கதையைக் கூறுகிறார். தொகை அவ்வளவு பெரிதாகும் என்பதை அவர் உடனே ஏற்கவில்லை. இஸ்கந்தரிய்யாவின் கணக்கர் ஒருவர் எழுதிக் காட்டினார்: பதினாறாம் கட்டத்தில் 32,768 மணிகள், அதாவது ஒரு கதஹ், இருபதாம் கட்டத்தில் ஒரு வைபா, நாற்பதாம் கட்டத்தில் ஒரு களஞ்சியம், ஐம்பதாம் கட்டத்தில் 1,024 களஞ்சியங்கள் கொண்ட ஒரு நகரம், அறுபத்து நான்காம் கட்டத்தில் 16,384 நகரங்கள். அதன் பின்னரே அவர் ஏற்றார். கேட்டதைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் இந்தத் தஹ்கீக்கே நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம்.

முதல் வரிசையின் எட்டுக் கட்டங்களிலும் சேர்வது 255 மணிகளே. ஒரு கைப்பிடியும் நிறையாது. கிராமுக்கு 25 மணிகள் எனக் கொண்டால் பலகை முழுவதற்கும் ஏறத்தாழ 73,800 கோடி டன் வேண்டும். இன்றைய உலகின் கோதுமை விளைச்சலில் அது 900 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

வட்டிக்குக் கடன் வாங்குபவர் நிற்பது பெரும்பாலும் அந்த முதல் வரிசையில்தான். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 130ஆம் வசனம் பன்மடங்காகப் பெருகும் வட்டியைத் தடுக்கிறது; அல்பகரா 261ஆம் வசனமோ இறைவழியில் ஈயப்பட்ட ஒரு விதை எழுநூறாவதை உவமிக்கிறது. இரண்டும் பெருக்கமே. முன்னது கடனாளியின் களஞ்சியத்தை வெறுமையாக்குகிறது. பின்னது எளியவரின் களஞ்சியத்தை நிரப்புகிறது. எந்தப் பெருக்கத்தில் நம் மணியை இடுவது என்பதை முதற்கட்டத்திலேயே முடிவு செய்துகொள்வோமாக.