காற்று குளிரும்; வெயில் சுடும்! கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெயிலுக்குப் பயந்து மக்கள் கொடைக்கானலுக்குப் போகிறார்கள். அங்கே குளுகுளு என்று காற்று வீசுகிறது. வியர்ப்பதே இல்லை. குழந்தை குட்டிகளுடன் பகல் முழுவதும் ஏரியைச் சுற்றுகிறார்கள்.

மாலையில் கண்ணாடியைப் பார்த்தால் மூக்கும் கன்னமும் கறுத்திருக்கின்றன. தொட்டால் எரிகிறது!

குளிரில் வெயில் எப்படிச் சுட்டது?

சுடுவது எது?

சூரியனிடம் இருந்து பலவகைக் கதிர்கள் வருகின்றன. ஒருவகைக் கதிர் உடம்பில் பட்டால் சூடு தெரியும். இன்னொரு வகை, புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது. பட்டால் சூடும் தெரியாது. ஆனால் தோலைச் சுடுவது அதுதான்! குளிர்ந்த காற்று அதைத் தடுக்காது.

அதைத் தடுக்கும் திரைகளில் ஒன்று, நம் தலைக்கு மேல் உள்ள காற்று மண்டலம். மலையில் ஏற ஏற அந்தத் திரை மெலிகிறது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானலின் உயரம் சுமார் 2,100 மீட்டர். சென்னைக் கடற்கரையில் 100 பங்கு என்றால், வானம் தெளிவாக உள்ளபோது கொடைக்கானலில் ஏறக்குறைய 120 பங்கு!

சீசன் நேரத்தில் இன்னொரு சங்கடம். ஏப்ரல் மாத நடுவில் நண்பகலில் சூரியன் அந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கிறது. மெல்லிய மேகம் மூடினாலும் கதிரில் பெரும்பகுதி இறங்கிவிடும்.

சூரியனை ஆராய்வதற்கு என்றே 1899-ல் கொடைக்கானலில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டறிந்தது அங்கேதான். சூரியனைப் பார்க்க வசதியான ஊர் என்றால், சூரியன் நம்மைப் பார்க்கவும் வசதியான ஊர்தானே!

கறுப்புத் தோலுக்குப் பயம் இல்லையா?

தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்பாற்றும். வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவு. ஆனால் தோல் எரிச்சல், கரும்படை, சுருக்கம் நம்மையும் விடாது. கண்ணில் புரை விழவும் இக்கதிர் ஒரு காரணம்.

அதற்காக வெயிலே ஆகாது என்பதில்லை. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி' வெயிலால்தான் உடம்பில் உண்டாகிறது. அளவு மீறக் கூடாது. அவ்வளவுதான்.

அடிவாரத்தில் வேறு ஆபத்து

கீழே பழனியில் உஷ்ணமே எதிரி. பங்குனி உத்திரத்துக்குப் பாத யாத்திரை வருகிறவர்கள் காலையிலும் மாலையிலும் நடப்பது நல்லது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஒருவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சு குழறினால் அது வெயில் தாக்கு. உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

* காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழலை நாடுங்கள்.
* அகன்ற தொப்பி அல்லது குடை, முழுக்கைப் பருத்திச் சட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள்.
* வெயில் காப்புக் களிம்பு பூசினால் 2 மணிக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.
* கைக்குழந்தையை நிழலிலேயே வைத்திருங்கள்.
* தோல் எரிந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

கடிகாரம் இல்லையா? உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்களைவிடக் குட்டையாக இருந்தால், நீங்கள் நிழலுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது!