வீட்டில் கட்டிய விமானமும் அதன் பதிவேடும்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 2001-இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டின் கம்பிவடத்தை முறைப்படி சோதித்துப் பதிவேட்டில் கையொப்பமிடுவது சட்டம் விதித்த கடமையாக இருந்தது. வடத்தின் உள்ளிழையை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பதே அந்தப் பதிவுக்குக் காரணம். தனியொருவர் தம் கொட்டகையில் கட்டும் விமானத்துக்கும் இது பொருந்தும். கட்டங்கட்டமாகச் சரிபார்க்கும் தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு அங்கே இல்லாததால், அதன் வேலையைப் பதிவேடுதான் செய்தாக வேண்டும்.

தங்கவயலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவில், தேசிய விமானவியல் ஆய்வகம் கட்டிய இலகு விமானம் ஒன்று 1987-இல் பறந்தது. வீட்டிலேயே கட்டிக்கொள்வோருக்காக அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி என்ற விமானமே அதற்கு அடிப்படை. இவ்வகை இறக்கையில், சூடேற்றிய கம்பியால் நுரைக்கட்டியை வடிவாக அறுத்து, அதன்மேல் எபாக்ஸி பிசினில் நனைத்த கண்ணாடியிழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பிசின் இறுகி வண்ணமும் பூசியபின், கலவை விகிதம் பிசகியதா, அடுக்கு ஒன்று விடுபட்டதா என்பதை வெறுங்கண்ணால் சொல்ல இயலாது. ஆகவே நாள், பிசினின் தொகுதி எண், அறையின் வெப்பநிலை, அடுக்குகளின் எண்ணிக்கை, இழை ஓடும் திசை ஆகியவற்றை அன்றைக்கன்றே எழுதி, மூடுவதற்கு முன் எடுத்த ஒளிப்படத்தையும் சேர்த்து வைப்பது, பறக்கத் தகுந்ததா என்று ஆராயும் வான்தகுதிச் சோதகருக்கு இறக்கையின் உள்ளே பார்க்கக் கிடைக்கும் முக்கிய வழியாகிறது.

உடற்பகுதிக்கும் இஞ்சினுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. ஓர் இஞ்சினைக் கழற்றி வேறு விமானத்தில் பொருத்தினால், அது ஓடிய மணிக்கணக்கும் அதனுடன் போக வேண்டும் என்பதே இதன் நியாயம். தவறாக எழுதியதை அழிக்காமல், படிக்கும்படி ஒற்றைக் கோடிட்டுச் சுருக்கொப்பமிடுவது நல்ல மரபு. விமானத்தின் பெயரும் வரிசை எண்ணும் பெயர்த்தகட்டிலும் பதிவுச் சான்றிலும் விண்ணப்பத்திலும் ஓரெழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

எடைச் சமநிலை அறிக்கையைச் சோதகர் உன்னிப்பாகப் பார்ப்பார். மூக்கு முனையிலிருந்து 0.5 மீட்டரில் உள்ள முன்சக்கரம் 90 கிலோவையும், 2 மீட்டரில் உள்ள பின்சக்கரங்கள் இரண்டும் தலா 180 கிலோவையும் தாங்குவதாகக் கொண்டால், எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டிய 765-ஐ மொத்த எடையான 450-ஆல் வகுக்க, ஈர்ப்பு மையம் 1.7 மீட்டரில் அமையும். அது வடிவமைப்பாளர் வகுத்த எல்லைக்குப் பின்னே சென்றால் விமானம் நிலைப்புத்தன்மையை இழக்கும். எடைபோட்டபின் ஒரு வானொலிக் கருவியைப் பொருத்தினாலும் இக்கணக்கைத் திருத்தியாக வேண்டும்.

மும்பையில் விமானி அமோல் யாதவ் மொட்டை மாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016-இல் பொதுக்காட்சிக்கு வந்தது. பதிவுச் சான்று 2017-இலும், பறப்பதற்கான அனுமதி 2019-இலும்தான் கிடைத்தன. அனுமதி கிடைக்க இப்படி ஆண்டுகள் ஆகலாம் என்பதால், விமானம் கட்ட விரும்புவோர் முதல் நுரைக்கட்டியை அறுக்கும் நாளிலேயே பதிவேட்டையும் தொடங்கிவிட வேண்டும்.