வாயில்லா உயிரின் மௌனமும் வளர்ப்போர் கடமையும்

பாம்பைக் கண்டால் படையும் நடுங்கும் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆயினும், ஐக்கிய அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் நாய், பூனைகளைப் போன்று பாம்புகளையும் வீட்டினுள் வளர்ப்போர் பலர் உள்ளனர். அவர்கள் பெரிதும் விரும்புவது மேற்கு ஆபிரிக்காவின் கானா, டோகோ, பெனின் முதலான நாடுகளுக்குரிய பந்து மலைப்பாம்பையாகும். நமது வெங்கிணாந்திக்குத் தூரத்து உறவான இது நஞ்சற்றது. நன்கு பராமரித்தால் 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது.

நன்கு பராமரிப்பதில்தான் சிக்கலே இருக்கின்றது. நாய் முனகும், பூனை கத்தும். பாம்போ நோயை வெளிக்காட்டாது. வளர்ப்பவர் அதனை உணரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே, செட்டை கழற்றுதல், சுவாசம் ஆகிய இரண்டையும் அவர் கூர்ந்து அவதானித்தல் வேண்டும்.

ஆரோக்கியமான பாம்பின் செட்டை, கண்களை மூடிய மெல்லிய படலம் உட்பட, ஒரே துண்டாகக் கழன்றுவிடும். காற்றில் ஈரப்பதன் குறைந்தாலோ, உடலில் நீர்ச்சத்துக் குன்றினாலோ, ஒட்டுண்ணிகள் பற்றினாலோ அது துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் தங்கும் வளையம் குருதியோட்டத்தைத் தடுத்து, அப்பகுதியை அழுகச் செய்யலாம். இதனைக் கையால் பிய்ப்பது தவறு. ஈரப்பாசி இட்ட மறைவிடமொன்றை அமைப்பதும், மேற்பார்வையுடன் வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் சிறிது நேரம் விடுவதுமே தக்க வழி. கண்படலத்தை மிருக வைத்தியரிடமே விட்டுவிட வேண்டும்.

இங்குதான் பலர் தவறிழைக்கின்றனர். செட்டை ஒட்டியதைக் கண்டதும் கூட்டை நீரால் நனைத்துக் காற்றோட்டத்தையும் அடைத்துவிடுகின்றனர். ஈரமும் குளிரும் அசுத்தமும் சேருமிடத்தில் சுவாசத் தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும். வாய் திறந்து மூச்செடுத்தல், சீறலல்லாத விசில் போன்ற ஒலி, மூக்கிலும் வாயிலும் சளிக்குமிழ், தலையை மேல்நோக்கி வைத்திருத்தல் என்பன அதன் அறிகுறிகளாகும். பாம்புக்கு மனிதரைப் போன்ற பிரிமென்றகடு இல்லை. இருமிச் சளியை வெளியேற்றவும் அதனால் இயலாது. ஆகவே, 'தானாகச் சுகமாகும்' எனக் காத்திருப்பது அதனைச் சாகவிடுவதற்கு ஒப்பாகும்.

பாம்பின் உடல் வெப்பம் சூழலைச் சார்ந்தது. குளிர்ந்த கூட்டில் அதன் நோயெதிர்ப்புச் சக்தியும் மந்தமடையும். கூட்டின் ஒரு புறம் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ் வெப்பமும் மறுபுறம் அதனிலும் குறைந்த வெப்பமும், காற்றில் ஏறத்தாழ 60 வீத ஈரப்பதனும் இருத்தல் நன்று. ஆனால், இவை வைத்தியத்திற்குத் துணையேயன்றி மாற்றல்ல. சளியைப் பரிசோதித்து உரிய நுண்ணுயிர்க்கொல்லியைத் தீர்மானிப்பவர் மிருக வைத்தியரே. 2014ஆம் ஆண்டில் இப்பாம்புகளின் கடும் சுவாச நோயுடன் தொடர்புடையதென அறியப்பட்ட நிடோவைரசுக்கோ குறித்த மருந்து எதுவுமில்லை. புதிய பாம்பைச் சில மாதங்கள் தனிமைப்படுத்தி வைப்பதன் அவசியம் இதனாலேயே வலியுறுத்தப்படுகின்றது.

நமது நாட்டில் வெங்கிணாந்தி சட்டத்தால் பாதுகாக்கப்பட்டதாகும். அதனைப் பிடித்து வளர்க்க எவருக்கும் உரிமையில்லை. காயமுற்றதைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவிப்பதே முறை. எனினும், இதிலுள்ள படிப்பினை பாம்பு வளர்ப்போருக்கு மட்டும் உரியதன்று. கூட்டிலுள்ள கிளியும் தொட்டியிலுள்ள மீனும் தமது நோயை வாய்விட்டுச் சொல்வதில்லை. பூனையொன்றை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைக் கண்டிக்கும் நபிமொழியும், எவ்வுயிர்க்கும் இரங்கச் சொல்லும் சைவ மரபும் உணர்த்துவது ஒன்றே. ஓர் உயிரை அடைத்துவைப்பவர், அதன் மூச்சுக்கும் பொறுப்பாளியாகின்றார்.