விலையைக் குறைக்குமுன் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்!

கட்டட உரிமையாளர் வாடகையில் மூவாயிரம் ஏற்றினால் மூன்று நாள் வாதாடுகிறோம். எதிர்க்கடைக்காரர் சிப்பத்துக்கு 15 ரூபாய் குறைத்தாலோ, அன்று மாலையே நாமும் குறைத்துவிடுகிறோம். இந்த இரண்டில் நம் கல்லாவை அதிகம் பாதிப்பது எது? பள்ளிப் பிள்ளைகள் வரையும் நேர்கோட்டு வரைபடம் இதற்கு விடை சொல்லும்.

வணிகத்துக்கு வரைபடம் புதிதல்ல. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-இலேயே இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார்.

ஓர் அரிசிக் கடையை எடுத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சேர்த்து மாதச் செலவு 36,000 ரூபாய். 25 கிலோ சிப்பம் ஒன்றுக்குக் கொள்முதல் விலை, வண்டி வாடகை, இறக்குக்கூலி போகக் கையில் நிற்பது 75 ரூபாய்.

மாத லாபம் = (75 × விற்ற சிப்பங்கள்) − 36,000

நேர்கோடு வரைய இரண்டு புள்ளிகள் போதும்.

முதல் புள்ளி: ஒரு சிப்பமும் விற்காவிட்டால் நட்டம் 36,000. நிலை அச்சில் பூச்சியத்துக்குக் கீழே இதைக் குறியுங்கள்.

இரண்டாம் புள்ளி: லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற இடம். 36,000-ஐ 75-ஆல் வகுத்தால் 480 சிப்பம். இதைக் கிடை அச்சில் குறியுங்கள்.

கோடு அச்சுகளை வெட்டும் இந்த இரு இடங்களைக் கொண்டே பாடநூலில் வெட்டுத்துண்டு என்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 100 சிப்பம், 10,000 ரூபாய் என அளவு வைத்துக்கொண்டு, இரு புள்ளிகளையும் அடிக்கோலால் இணையுங்கள். 480-க்கு இடப்புறம் நட்டம், வலப்புறம் லாபம். நாளொன்றுக்கு 16 சிப்பம் விற்றால்தான் முதலுக்கு மோசமில்லை.

இப்போது வாடகை 3,000 கூடட்டும். கோடு சாய்வு மாறாமல் சற்றுக் கீழே இறங்கும். கட்டுபடியாகும் இடம் 520 சிப்பம்.

வாடகை பழையபடியே இருந்து, சிப்பத்துக்கு 15 ரூபாய் குறைத்தால்? கோடு அதே இடத்தில் தொடங்கினாலும் படுத்துவிடும். கட்டுபடியாகும் இடம் 600 சிப்பம்!

மாதம் 560 சிப்பம் விற்கும் கடைக்கு இன்று 6,000 ரூபாய் லாபம். வாடகை கூடினாலும் 3,000 மிஞ்சும். விலையைக் குறைத்து, விற்பனை கூடாமல் போனால் 2,400 ரூபாய் நட்டம். பழைய லாபத்தை எட்ட 700 சிப்பம் விற்றாக வேண்டும். மேலும் 140 சிப்பம் நிச்சயம் போகும் என்றால் தாராளமாகக் குறைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கோடு கடன் பாக்கியை அறியாது. வராத பணத்தையும் லாபமாகவே காட்டும். விற்பனை பெருகிக் கூடுதல் ஆள் வைத்தால் செலவை மாற்றிப் புதுக்கோடு வரைய வேண்டும்.

இன்றிரவு கடையடைத்ததும் பிள்ளையிடம் ஒரு வரைபடத்தாள் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கோடு, பிறகு விலைப்பலகை!